புகை எழும்பும் வளவுகள்

தை 18, சனி

இந்த டயறி அமலா தந்தது. அமலா, என் அண்ணன் கஸ்பாரின் ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை, அங்கேயே வீடு. போன மாதம் நத்தார்ப் பண்டிகைக்குப் போயிருந்தபோது கையில் திணித்து, "மாமி, உங்கட வாய்க்கு ஆள் அகப்படாத நேரம் இதில எழுதுங்கோ" என்றாள். கொழுப்பைப் பாருங்கள். இவ்வளவு நாளும் வெறுமையாய்க் கிடந்தது. இன்றைக்கு உண்மையாகவே வாய்க்கு ஆள் இல்லை.

கிழமையில் திங்களும் வியாழனும்தான் அக்கரை லாஞ்ச். வியாழன் வரவேண்டியது வரவில்லை. வாடைக்காற்று. சீனி முடிந்துவிட்டது. கொண்டல்தீவில் ஒரு சாமான் முடிந்தால் எல்லா வீட்டிலும் ஒன்றாகத்தான் முடியும். இரவல் கேட்கப் போனால் அந்த வீட்டுக்காரி என்னிடம் கேட்க வெளிக்கிட்டு வாசல் படலையில் நிற்பாள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முரல் கருவாட்டைப் புரட்டிப் போட்டேன். வெயிலும் இல்லை.

பின்னேரம் மனுவேல் வந்தான். எங்கள் அந்தோனியார் கோயில் மூப்பன், ஊருக்கும் தலைவன் மாதிரி. என்னைவிட இளையவன், ஆனால் குரல் பெரியது. காணிக் குழு மாசியில் வருகிறதாம்.

"இந்த முறை நிச்சயமாம் அக்கா. பார்த்து, எண்ணி, முடிவு சொல்லிப்போட்டுத்தான் போவினமாம்."

முடிவு எதைப் பற்றி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். யுத்தத்தில் எங்களைக் கிளப்பிவிட்டு, தீவின் வடக்குப் பாதியில் கடற்படை முகாம் போட்டார்கள். நாங்கள் திரும்பி வந்து பற்றை வெட்டி வீடு போட்டது தெற்குப் பாதியில். இரவானால் மேற்கே இந்தியப் படகுகளின் வெளிச்சம் வரிசையாய்த் தெரியும். எல்லைக்கோடு அவ்வளவு கிட்ட. அதனால்தான் கடற்படைக்கு இந்த மண் துண்டின்மேல் இவ்வளவு ஆசை. ஆட்கள் நிரந்தரமாய் இருக்கிறார்கள் என்று குழு கண்டால் எங்கள் பாதி எங்களுக்கு, லாஞ்சும் ஓடும். வெறும் வீடுகள்தான் என்று கண்டால் அக்கரையில் ஆளுக்கொரு கல்வீடு தந்துவிட்டு முழுத் தீவையும் எடுத்துக்கொள்வார்கள்.

வீடுகள் பத்தொன்பது இருக்கின்றன. ஆள் இருப்பது பதினொன்றில். மற்றவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக அக்கரைக்குப் போய்விட்டார்கள்.

தை 19, ஞாயிறு

பூசை வைக்கச் சுவாமி வரவில்லை. லாஞ்ச் இல்லாமல் கடலில் நடந்தா வருவார். நாங்களே செபமாலை சொல்லிவிட்டுக் கோயில் முற்றத்தில் கூடினோம்.

எங்கள் தீவில் அப்பு, பாட்டன் காலத்திலிருந்து ஒரு ஒழுங்கு. பொழுதுபடும்போது ஒவ்வொரு வீட்டு வளவிலும் படலைக்குப் பக்கத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் போட்டுப் புகை மூட்டவேண்டும். நுளம்பு கடிக்காமல் இருக்க என்று வெளியாருக்குச் சொல்வோம். உண்மையில் அது "நான் இருக்கிறேன்" என்று சொல்கிற புகை. கடலில் நிற்கிற ஆம்பிளைகள் தங்கள் வளவுப் புகையைப் பார்த்துவிட்டு நிம்மதியாய் வலை விடுவார்கள். புகை எழும்பாத வளவுக்குப் பக்கத்து வீட்டார் உடனே போய்ப் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் எங்களுக்கு இருந்த காவல் அதுதான்.

முகாமின் காவற்கோபுரத்தில் நிற்கிற சிப்பாய்ப் பெடியனுக்கு மனுவேல் நண்டு கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தப் பெடியன் பின்னேரத்தில் புகையை எண்ணித்தான் எத்தனை வீட்டில் ஆள் என்று மேலிடத்துக்கு எழுதுகிறானாம்.

"அப்ப வெறும் வளவிலயும் நாங்களே மூட்டினா என்ன?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மனுவேல் கையைத் தட்டினான்.

என் அண்ணை கஸ்பார் மட்டும் எழும்பினார். "புகை எண்டால் ஆள் இருக்கு எண்டு அர்த்தம். ஆள் இல்லாத இடத்தில போட்டா, பிறகு புகையைப் பார்த்து என்னத்தை நம்புறது?"

"நேவிக்காரன் நம்பினாக் காணும் அண்ணை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு எப்போதும் நான் சொன்னால் பிழை.

தை 22, புதன்

ஒழுங்கைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் ஒழுங்கை எனக்கு. என் வீடு, பக்கத்தில் அண்ணை, அதற்கு அங்கால் மூன்று வெறும் வீடுகள். எதிரே றீற்றா; ஊர்ப் புதினமெல்லாம் அவளிடம்தான் கேட்கவேண்டும்.

நல்ல தண்ணிக் கிணற்றுக்கு இரண்டு நடை. கோழி ஒன்று அடைக்குக் கிடக்கிறது. பின்னேரம் வெறும் வளவுகளில் பொச்சுமட்டை அடுக்கிக் கொள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். கண் எரிகிறது, சேலையெல்லாம் புகை மணம். ஆனால் கோயிலடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது பத்தொன்பது வளவிலும் புகை. இடம்பெயர முன் இருந்ததுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை.

தை 24, வெள்ளி

அண்ணைக்கு நெஞ்சுக்குள் இறுக்குகிறதாம். வாய்வு என்றேன். இஞ்சி அவித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நாற்பது வருசம் சுழியோடிச் சங்கு எடுத்த மனுசனுக்கு இஞ்சி உறைக்கிறதாம்.

தை 27, திங்கள்

லாஞ்ச் வந்தது. சீனி, மா, வெங்காயம். வெங்காயம் பாதி அழுகல்.

இன்றைக்கு அண்ணையோடு முறிந்துவிட்டது.

கொழுக்கட்டை கொண்டுபோனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார், "குழு வந்தா நான் அக்கரை வீட்டுக்கு ஓம் எண்டப் போறன்."

"என்ன விசரோ?"

"நெஞ்சு இறுக்கினா வியாழன் லாஞ்சுக்காகக் காவல் கிடக்க என்னால ஏலாது பெனா. எனக்குப் பயமாக்கிடக்கு."

"போறவை போகலாம். தீவைக் குடுக்க நீங்கள் ஆர்?"

"என்ன பெரிய தீவு? உன்ர பிள்ளையைத் திண்ட தீவுதானே."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. என் மெற்றில்டாவைப் புடையன் பாம்பு கடித்தபோது ஆறு வயது. கச்சான் காற்று, லாஞ்ச் இல்லை. அண்ணைதான் தோணியில் வைத்துத் தண்டு வலித்துக்கொண்டு போனார். பாதிக் கடலில் பிள்ளை போய்விட்டது. அங்கிருந்தே திருப்பிக்கொண்டு வந்தார். கோயில் பக்கத்துச் சேமக்காலையில் கல்லறைக்குள் கிடக்கிறாள். அவளை விட்டுவிட்டு அக்கரைக் கல்வீட்டில் போய் நான் என்ன செய்ய? அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

"அந்தோனியார் அறிய, இனி உங்கட வாசற்படி மிதிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழுக்கட்டையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கோழிக்குப் போட்டேன்.

தை 28, செவ்வாய்

கதைக்கவில்லை.

தை 30, வியாழன்

வியாழன் லாஞ்சில் போகப்போவதாக அண்ணை மனுவேலிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டாம்.

மத்தியானம் அவருடைய கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. பயணத்துக்குக் குளிப்பு. லாஞ்ச் ஊதும்போது நான் குசினி அடுப்படியிலேயே இருந்தேன். இறங்குதுறைக்குப் போய்க் கை காட்ட நான் என்ன வேலை வெட்டி இல்லாதவளா?

பொழுதுபட்டபோது ஒழுங்கையில் அவர் வளவு மட்டும் இருட்டாய்க் கிடந்தது. குழு வருகிற நேரம் பார்த்து ஒரு வீடு குறைகிறது. நீங்கள் போனாலும் உங்கள் புகை போகாது என்று சொல்லிக்கொண்டு படலையைத் திறந்து, உள்ளே இரண்டடி வைத்து, அவர் வழமையாய் மூட்டுகிற இடத்திலேயே மூட்டினேன். வாசற்படி மிதிக்கவில்லை. சொன்ன சொல் சொல்தான்.

உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. நிற்பாட்டாமல் போயிருக்கிறார். பற்றறி என்ன இனாமாய் வருகிறதா?

தை 31, வெள்ளி

நாயையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டின் பின்பக்கமே கிடந்து ஊளையிடுகிறது. மீன் தலை கொண்டுபோய்ப் படலையில் வைத்துக் கூப்பிட்டேன். ஓடிவந்து என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டுத் திரும்பப் பின்பக்கம் ஓடியது. தின்னவில்லை. இரண்டு தரம் அப்படிச் செய்தது. எசமானைப் போலத்தான் அதுவும், பிடிவாதம்.

றேடியோ கரகரத்துக்கொண்டு கிடக்கிறது. பற்றறி சாகப்போகிறது.

பின்னேரம் மூட்டினேன். பச்சை ஓலை போட்டதால் நல்ல தடிப்பான புகை. வாடைக்காற்று எல்லாவற்றையும் அவர் கிணற்றடிப் பக்கம் கொண்டுபோனது. கோபுரத்துப் பெடியனுக்கு வடிவாய்த் தெரிந்திருக்கும்.

மாசி 1, சனி

கருவாடு காய்ந்துவிட்டது, கட்டி வைத்தேன். அடைக்கோழி நாலு குஞ்சு பொரித்திருக்கிறது.

அண்ணை வளவில் மூட்டும்போது வீட்டுக்குப் பின்னால் ஏதோ முனகினதுபோலக் கேட்டது. றீற்றாவின் ஆடு புகுந்துவிட்டதாக்கும். அவர் நட்ட கத்தரிக் கன்றுகளைத் தின்று தீர்த்துவிடும். சூ என்று சொல்லி ஒரு கல்லெடுத்து எறிந்தேன். நின்றுவிட்டது.

போய்ப் பார்க்கவில்லை. புகை கண்ணுக்குள் போய்விட்டது.

மாசி 2, ஞாயிறு

அண்ணை போகவில்லை. கிணற்றடியில் விழுந்திருக்கிறார்.

மாசி 4, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிறு காலை செபமாலை முடிய மனுவேலின் ஃபோன் அடித்தது. கோயிலடியில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அமலா. "அங்கிள், அப்பா எங்க? நெஞ்சை டொக்டரிட்டைக் காட்ட வியாழன் வாறன் எண்டவர். காத்துக்கு லாஞ்ச் ஓடேல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்."

லாஞ்ச் ஓடியது. மனுவேல் என்னைப் பார்த்தான். நான் ஓடினேன். வாசற்படி மிதியேன் என்ற சத்தியமெல்லாம் எங்கே போனது?

வாளி கிணற்றுக்கட்டின் கீழ் கிடந்தது. அவர் அங்கே இல்லை. அங்கிருந்து மண்ணைக் கீறிக்கொண்டு ஊர்ந்து வீட்டு மூலை வரைக்கும் வந்திருக்கிறார். ஒரு பக்கக் கை கால் இழுத்துவிட்டதென்று டொக்டர் சொன்னாராம். மற்றக் கையால் ஊர்ந்திருக்கிறார். அந்த மூலையில் கிடந்து பார்த்தால் படலை தெரியும். படலையடியில் புகை மூட்டுகிற ஆளும் தெரியும். உடம்பு குளிர்ந்து கிடந்தது. நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை.

தலைமாட்டில் ஒரு சின்னக் கல் கிடந்தது. தீவில் எங்கும் கல்தான்.

மனுவேல் முகாமுக்கு ஓட, அவர்கள் தங்கள் படகில் அண்ணையை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குறை சொல்லக்கூடாது, மரியாதையாய்த்தான் தூக்கினார்கள். கோபுரத்துப் பெடியனும் வந்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் உடைந்த தமிழில் சொன்னான்:

"ஐயா வீட்டில ஒவ்வொரு நாளும் புகை இருந்தது அம்மே. நான் பார்த்தது. ஆள் இருக்கு எண்டு எழுதினது."

அவன் எழுதியதில் பிழையில்லை. ஆள் இருந்தார்.

மாசி 5, புதன்

அடக்கம். மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் இடம் எடுத்தோம். நாங்கள் திரும்பி வந்தபின் இந்தச் சேமக்காலையில் இறங்குகிற முதல் பெட்டி. உடம்பு வந்த படகிலேயே அமலாவும் சுவாமியும் வந்தார்கள்.

உயிர் சனி இரவுபோல்தான் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வியாழன் வெள்ளியில் கண்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். அமலா இதை அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

"மாமி, நீங்கள் பக்கத்து வளவுதானே?"

"புகை எழும்பினது பிள்ளை. அதால ஒருத்தரும் போய்ப் பார்க்கேல்லை."

ஆர் மூட்டினது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவளோடு அண்ணை வீட்டுக்குள் போனேன். கட்டிலில் பயணப் பை கட்டி வைத்திருந்தது. அமலா திறந்தாள். உடுக்க ஒரு சாரம், ஒரு சேட்டு, ஒரு துவாய், அவளுக்கு ஒரு பொதி பனங்கிழங்கு ஒடியல். அவ்வளவுதான். வலை பாதி பொத்தினபடி சுவரில் தொங்குகிறது, ஊசி அதிலேயே குத்தியபடி.

வீட்டை விட்டுப் போகிற மனுசன் ஒரு சாரத்தோடு போவாரா? திங்கள் லாஞ்சில் திரும்பி வர இருந்திருக்கிறார். மண்டைக்குள் என்ன வைத்துக்கொண்டு நான் இவ்வளவும் நினைத்தேன்!

அமலா மனுவேலின் படகிலேயே பின்னேரம் போய்விட்டாள். நாயைக் கூப்பிட்டுப் பார்த்தாள், போகவில்லை.

மாசி 7, வெள்ளி

றீற்றாவிடம் இப்போது ஆடு இல்லை. நத்தாருக்கே விற்றுவிட்டாளாம்.

மாசி 9, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. தண்ணீர் அள்ளவில்லை. மனுவேல் வந்து திண்டாடிக்கொண்டு நின்றான்.

"உங்களை மட்டும் நினைக்காதேங்கோ அக்கா. எல்லாரும் சேர்ந்துதானே முடிவெடுத்தனாங்கள்."

"ம்."

"புதன்கிழமை குழு வருது. கஸ்பார் அண்ணை வீடும்..." அவனால் முடிக்க முடியவில்லை.

"என்ன, அதிலயும் மூட்டட்டோ?"

தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றான். அவனை அடிக்கவேணும்போல இருந்தது. பிறகு யோசித்தேன். அண்ணையும் போய்த் தீவும் போனால் அவர் எதற்குச் செத்தார் என்று ஆகிவிடும். மெற்றில்டாவும் அண்ணையும் கிடக்கிற இடத்தில் நாளைக்கு முகாம்காரர் பந்தடிப்பார்கள்.

மூட்டினேன். மூன்று நெருப்புக்குச்சி போனது. நாய் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மாசி 12, புதன்

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒரு அம்மா, நல்ல மனுசிதான், மணலில் நடக்கமாட்டாமல் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தா. இளநி கொடுத்தோம். போகவேண்டிய நேரம் கடந்தும் பின்னேரம் வரைக்கும் மனுவேல் கோயில், கிணறு என்று காட்டி இழுத்துக்கொண்டே நின்றான். பொழுதுபடப் புகை எழும்பியது. பத்தொன்பதிலும்.

"இவ்வளவு பேர் இருக்கிறீங்களா!" என்று அந்த அம்மா மற்றவர்களைப் பார்த்தா. அவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் ஒழுங்கையில் அண்ணை வளவுக்கு முன்னால் அந்த அம்மா நின்றா. புகை நன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது.

"இந்த வீட்டில ஆர்?"

மனுவேல் வாயைத் திறக்க முன் நான் சொன்னேன். "என்ர அண்ணன்."

"இப்ப எங்க?"

"கோயில் பக்கம்."

பொய்யில்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டா. சேமக்காலைக்கும் போய்ப் பார்த்தார்கள். புதுச் சிலுவையைக் கண்டு, "இப்பவும் இங்கதான் அடக்கம் செய்யிறீங்களா?" என்று கேட்டா. ஓம் என்றான் மனுவேல். அதையும் எழுதிக்கொண்டா. உயிரோடு இருந்திருந்தால் அண்ணை அக்கரை வீடு வேண்டும் என்றிருப்பார். செத்ததால் தீவுக்குச் சாட்சியாகிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், விசரி என்று நினைப்பார்கள்.

மாசி 20, வியாழன்

லாஞ்சில் செய்தி வந்தது. தெற்குப் பாதி எங்களுக்குத்தான். லாஞ்சும் தொடர்ந்து ஓடும். இறங்குதுறையையும் திருத்தித் தருவார்களாம். மனுவேல் கோயில் மணியை அடித்துக்கொண்டே நின்றான், கை நோகுமட்டும். றீற்றா பாயாசம் கொண்டுவந்தாள். வெடிகூடக் கொளுத்தினார்கள். ஏதோ சண்டையாக்கும் என்று முகாமிலிருந்து பெடியன் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான்.

நான் போய்ச் சேமக்காலையில் இருந்தேன். "கேட்டுதோ அண்ணை, நாங்கள் வெண்டிட்டம்" என்றேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்குக் கஸ்பார் அண்ணை வேண்டும். என்னோடு சண்டை பிடிக்க, இஞ்சித் தண்ணிக்கு முகத்தைச் சுளிக்க. வேறொன்றும் வேண்டாம்.

பின்னேரம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "வெறும் வளவுப் புகை இனி வேண்டாம்."

"குழு திரும்பியும் வந்து பார்ப்பினமாம் அக்கா. கொஞ்சக் காலம் போட்டுத்தான் ஆகவேணும்" என்றான் மனுவேல்.

"அப்ப ஒண்டு செய்வம். ஆள் இருக்கிற வளவில இன்னொருத்தர் மூட்டக்கூடாது. புகையைக் காணேல்லையெண்டா முதல் படலையில நிண்டு கூப்பிடுறது. குரல் கேட்காட்டி உள்ள போய்ப் பார்க்கிறது. அதுக்குப் பிறகுதான் கொள்ளி."

"சரி அக்கா" என்றார்கள். றீற்றா கண்ணைத் துடைத்தாள். சேலை நுனியில் பாயாசம் ஒட்டியிருந்தது.

எங்கள் ஒழுங்கையை இனி நான் பார்க்கமாட்டேன், கை வராது என்று சொன்னேன். றீற்றா எடுத்துக்கொண்டாள்.

மாசி 23, ஞாயிறு

காய்ச்சல். காலையில் கோயிலுக்குப் போகவில்லை. நாய்க்கு மட்டும் எழும்பிக் கஞ்சி ஊற்றினேன். இப்போது அது என் வாசலில்தான் படுக்கிறது, ஆனால் என் கையால் தடவ விடாது.

பொழுதுபடும்போது படுத்தே கிடந்தேன். இன்றைக்கு என் புகை எழும்பவில்லை, றீற்றா வருவாள் என்று நினைத்தேன். வந்தால் ஒரு வாய் கொத்தமல்லித் தண்ணி வைத்துத் தரச் சொல்லலாம். படலைச் சத்தம் கேட்டது. "பெனாக்கா!" என்று கூப்பிட்டாள். "ஓம்" என்றேன், காய்ச்சல் தொண்டையில் சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிடுவாள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பொச்சுமட்டை வெடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அறைக்குள் புகை வந்தது. படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள்மேல் கோபமில்லை. உலையில் சோறு வைத்துவிட்டு வந்திருப்பாள். மற்ற நாலு வளவுக்கும் போகவேண்டும். எனக்கும் அப்படித்தானே இருந்தது.

மாசி 24, திங்கள்

காய்ச்சல் குறைவு. றீற்றா தண்ணீர் கொண்டுவந்தாள். "நேற்றுக் கோயிலடியிலயும் காணேல்லை, எங்கயக்கா போனீங்கள்?" என்று கேட்டாள். "இங்கதான்" என்றேன்.

மாசி 27, வியாழன்

அமலா வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

பங்குனி 3 அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை. வரச்சொல்லி அமலா சொல்லியனுப்பியிருந்தாள். பையில் ஒரு சீலை, ஒரு சட்டை, ஒரு துவாய் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தேன், அண்ணையின் பைபோலவே இருந்தது. நாய்க்கும் கோழிக்கும் நாலைந்து நாளைக்குக் காணும்படி வைத்தேன். போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். றீற்றா வீட்டுப் படலை வரைக்கும் போனேன். பிறகு சொல்லாமல் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

லாஞ்ச் பிந்தி வந்தது. வெளிக்கிடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இறங்குதுறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கடல் நடுவில் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். பனைகளுக்குக் கீழே ஒவ்வொரு வளவாய்ப் புகை எழும்பத் தொடங்கியது. வெறும் வளவுகள். அண்ணை வளவு. அதற்குப் பக்கத்தில் ஒன்று, மற்றவைபோலவே நேராய், நல்ல தடிப்பாய்.

லாஞ்ச் ஓட்டுகிற சவிரிக்கு என் வீடு தெரியும். கையை நீட்டிக் காட்டினான்.

"அங்க பாருங்கோ அம்மா, உங்கட வளவிலயும் புகை. வீட்டில ஆர் நிக்கினம்?"

"நான்தான் தம்பி" என்றேன்.

பகிடி என்று நினைத்து அவன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.